வெப்பம் போகும் வழி

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் அதை 70-க்கு இறக்க வேண்டும். வேகம் பாதிதான் குறைகிறது, ஆனால் ஓட்டத்தில் இருந்த ஆற்றலில் முக்கால் பங்கு வெளியேற வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 567 கிலோஜூல். கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அடுப்புக்குப் பல நிமிடம் பிடிக்கும் அந்த வேலையைப் பிரேக் இரண்டு மூன்று விநாடியில் முடிக்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி முன் சக்கரங்களில் சுழலும் இரண்டு வார்ப்பிரும்பு டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. டிஸ்க் ஒன்று ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண்பது, தொண்ணூறு டிகிரி ஏறும். அது முழுதாக ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

டிராக் கார் என்றதும் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இந்த 567.

*

டிராக் காராக நான் மாற்றிக்கொண்டிருப்பது போர்டிகோவில் நிற்கும் ஹோண்டா சிட்டி. இந்தியாவுக்கு முதலில் வந்த சிட்டி வரிசையில், 2000-இல் வெளியான 1.5 விடெக். 106 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நம் சாலைகளில் குடும்பக் கார் என்ற பெயரில் இவ்வளவு உயிருள்ள எஞ்சின் வேறு அதிகம் இல்லை. 2003-இல் அடுத்த சிட்டி 77 குதிரைத்திறனோடு, மைலேஜை நோக்கி வந்தது. பழைய விடெக்கை விற்காமல் வைத்திருந்தவர்கள் அப்போதே ஏதோ தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

அந்த எஞ்சினின் தலைக்குள் நடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காற்றை உள்வாங்கும் வால்வுகளுக்கு கேம்ஷாஃப்டில் இரண்டு வகை முகடுகள். மெதுவாக ஓடும்போது சிறியவை வால்வைத் திறக்கின்றன. சுற்று ஏறியதும் ஒரு சோலனாய்டு திறந்துகொள்ள, எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு ராக்கருக்குள் பாய்ந்து ஒரு சின்னப் பின்னை நகர்த்துகிறது. தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த ராக்கர்கள் பூட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் பெரிய முகட்டின் சொல்லைக் கேட்கத் தொடங்குகின்றன. எஞ்சினின் குரலே மாறிவிடும். விடெக் என்பது இதுதான். இத்தனையும் கொஞ்சம் எண்ணெயின் அழுத்தத்தை நம்பி நடக்கிறது.

எஞ்சினை நான் தொடப்போவதில்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், டேப்பெட் இடைவெளி, அவ்வளவுதான். 106 போதும். அதை முழுதாகப் பயன்படுத்தும் கார் இன்னும் கட்டப்படவில்லை.

*

பின் சீட், கார்ப்பெட், கதவின் உள்பலகைகள், டிக்கியின் விரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஏசியும் போயிற்று. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, காற்றை முதலில் தான் எடுத்துக்கொண்டு சூடாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. இனி ரேடியேட்டருக்கு நேராகக் காற்று.

ஹீட்டரை மட்டும் கழற்றவில்லை. கோயம்புத்தூரில் ஹீட்டர் எதற்கு என்று பார்க்க வருபவர்கள் கேட்கிறார்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போகிறது, பிட்டுக்குத் திரும்ப இன்னும் அரைச் சுற்று இருக்கிறது என்றால், ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு என் மேல் வந்து விழும். எஞ்சின் பிழைக்கும். நான் வியர்த்துக்கொள்ளலாம்.

தரைத் தகட்டில் தார்ப் படலம் ஒட்டியிருக்கிறது. சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்கத் தொழிற்சாலையில் போட்டது. நம் வெயிலில் அது இளகிப்போய், உளியை வைத்தால் உளியோடு இழுபடுகிறது. அதற்கு வழி குளிர். கல்யாண மேடைகளில் புகை கிளப்பக் கொண்டுவருவார்களே, அந்த உலர் பனிக்கட்டி. மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை போட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துவிட்டு, கட்டிகளைத் தார்மேல் பரப்பிக் கொஞ்சம் பொறுத்திருந்தால் படலம் விறைத்துத் தானாகவே வெடிக்கத் தொடங்கும். பிறகு சுத்தியலால் தட்டினாலே சில்லுச் சில்லாகப் பெயரும். அடியில் தகடு, தொழிற்சாலையில் பூசிய நிறம் மாறாமல், யார் கண்ணும் படாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. துருப்பிடித்த இடங்களும் அப்போதுதான் தெரிகின்றன. சன்னல் கண்ணாடி ரப்பருக்குக் கீழே, பின் சக்கர வளைவின் உள்விளிம்பில், டிக்கியின் மூலையில். தண்ணீர் உள்ளே வந்துவிட்டு வெளியேற வழி தெரியாமல் நின்ற இடங்கள் அவை.

*

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சக்கரங்களை நேராக்குவது. கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் டிராக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அளவை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே கடை வராது. கொத்தனாரின் பையில் இருப்பவை போதும்: நூல், தூக்குக்குண்டு, டியூப் லெவல்.

முதலில் தரை. போர்டிகோவின் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருக்கும், இருக்கத்தான் வேண்டும். அதன் மேல் நிறுத்தி அளந்தால் எல்லா அளவும் பொய். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய டியூபை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறேன். உள்ளே ஒரு காற்றுக்குமிழி கூட இருக்கக் கூடாது. இருந்தால் தண்ணீர் மட்டம் தப்பும். இரு முனைகளிலும் தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டவரை அது ஏமாற்றும். தாழ்ந்த இடங்களில் டைல்ஸ் துண்டுகளை அடுக்கி நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மேலே இரண்டு தகடுகள், நடுவில் கிரீஸ். சாய்வை மாற்றும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு முறுக்காமல் தானே நகர வேண்டும் என்பதற்காக.

ஓட்டுபவரின் எடையும் காரின் எடைதான். ஓட்டுநர் சீட்டில் ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டை, அதன்மேல் 25 கிலோ அரிசிப் பை. என் எடை அது.

பிறகு காரின் இருபுறமும் நூல். இரண்டு நூலும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். முன் அச்சில் இடமும் வலமும் ஒரே தூரம், பின் அச்சில் இடமும் வலமும் ஒரே தூரம். இதைச் சரிசெய்யத்தான் நேரமெல்லாம் போகும். சரியான பின், ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கும், பின்விளிம்பிலிருந்து நூலுக்கும் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். சாய்வுக்குத் தூக்குக்குண்டு. 14 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்றால் மேலுக்கும் கீழுக்கும் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முன் சக்கரங்களின் தலை உள்பக்கமாக இரண்டரை டிகிரி சாய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயர் அப்போதுதான் தரையில் முழுதாக உட்காரும்.

நூல் காற்றில் லேசாக நடுங்கும். அது நிற்கும்வரை ஸ்கேலோடு குந்தி இருக்கும் நேரத்தில் மனத்தில் வேறு எதுவும் இருப்பதில்லை. காரின் எந்த இரண்டு சக்கரமும் உலகத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது அங்கேதான் தெரிகிறது. எங்கோ ஒரு மரப்பலகையில் இடித்தது, பள்ளத்தில் விழுந்தது, முந்தைய உரிமையாளர் நடைபாதையில் ஏற்றியது எல்லாம் மில்லிமீட்டர்களாக எழுதப்பட்டிருக்கின்றன.

*

பிரேக் பெடல் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் கால் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெடல் கல்லைப் போல் உறுதியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பிரேக் பேட் தன் எல்லையைத் தாண்டிச் சூடாகிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே இறங்குகிறது என்றால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால் தரும் அழுத்தம் முழுவதையும் அந்தக் குமிழிகள் தின்றுவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் போய்வர அதுவும் தாராளம். டிராக்கில் அந்த 75 டிகிரிதான் வளைவுக்குள் திரும்புவதற்கும் நேராக மணலுக்குள் போவதற்கும் இடையில் நிற்கிறது. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் புது ஆயில், உடைக்காத டப்பாவிலிருந்து. இதில் மிச்சம்பிடிப்பதை நான் ஏற்பதில்லை.

பனிவிளக்கு இருந்த ஓட்டையிலிருந்து முன் சக்கரத்துக்கு ஒரு குழாய் போகிறது. அது டிஸ்க்கின் முகத்தில் ஊதக் கூடாது, நடுவில் ஊத வேண்டும். டிஸ்க் இரண்டு தட்டுகளால் ஆனது, இடையில் விசிறிபோல் தடுப்புகள். சுழலும்போது அது மையத்திலிருந்து காற்றை இழுத்து விளிம்பில் தள்ளுகிறது. அந்த இழுப்புக்குக் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறித் தட்டில் விரிசல் விழும்.

ஓட்டம் முடிந்து வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சூட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டால் வெப்பம் போக இடமில்லாமல் ஆயிலுக்குள் இறங்கும்.

*

கார் உருண்டால் கூரையைத் தாங்கும் குழாய்க் கூண்டு, கேஜ், தயாராவது கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில். முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், தையலில்லாக் குழாய். எஃப்.ஐ.ஏ. விதி சொல்வது அது. விதிக்குப் பின்னால் எத்தனையோ பேரின் விபத்து இருக்கிறது, அதை நான் பேரம் பேசமாட்டேன்.

பற்றவைத்து முடித்த மூட்டு ஒன்று இன்னும் மங்கிய சிவப்பில் இருந்தது. அடுத்த குழாயை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெல்டிங் செய்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இருங்க தம்பி, அதுவா ஆறட்டும். அவசரத்துக்குத் தண்ணிய ஊத்துனா மேல ஒண்ணும் தெரியாதுங்க, உள்ளுக்குள்ள விட்டுப்போயிரும்" என்றார். முப்பது வருஷம் மோட்டார் பம்புகளுக்கும் டெக்ஸ்டைல் மெஷின்களுக்கும் இரும்பை ஒட்டவைத்த கை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித்தான் பற்றவைப்பார். ஒரே பக்கம் போனால் சூடு குழாயை இழுத்து வளைத்துவிடும்.

கேஜும் சீட்டும் பெல்ட்டும் சேர்ந்துதான் ஒரு பொருள். நான்கு புள்ளி பெல்ட் மட்டும் மாட்டிக்கொண்டு கூரைக்குக் கேஜ் இல்லையென்றால், கார் உருளும்போது அந்தப் பெல்ட் மனிதனை நிமிர்த்தி வைத்தே கூரையின் அடியில் கொடுத்துவிடும். கேஜ் இருந்து ஹெல்மெட் இல்லையென்றால் அந்தக் குழாயே மண்டையை உடைக்கும். அதனால் இந்தக் கார் இனிமேல் சாலைக்குரியது இல்லை. சட்டமும் அதையே சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிராக்குக்கு ரெக்கவரி வண்டியின் முதுகில் போகும், அப்படியே திரும்பும்.

*

செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நீண்ட நேர்பாதை கிடையாது. கார் மூச்சுவிடுவதற்குள் அடுத்த வளைவு. பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் ஆற நேரம் தராத தடம். ஶ்ரீபெரும்புதூர் தடத்தில் நேர்பாதையில் ஓடும்போது காற்றாவது வாங்கலாம்.

கரி என்பது கரிவர்தன். அவர் பெயர் அந்தத் தடத்துக்குப் பொருந்துகிறது. கோவைக்காரர். மாருதி 800-இன் எஞ்சினையும் பாகங்களையும் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டினார், ஃபார்முலா மாருதி. வெளிநாட்டிலிருந்து கார் இறக்கப் பணம் இல்லாத ஒரு தலைமுறைக்கு, தெருவில் ஓடும் காரிலிருந்தே ரேஸைத் தொடங்கலாம் என்று கட்டிக் காட்டியவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். இந்த ஊரில் போர்டிகோவில் காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். நானும்.

*

டயரும் வெப்பமானிதான். குளிர்ந்திருக்கும்போது 30 பி.எஸ்.ஐ. வைத்து அனுப்பினால், காற்று நாற்பது டிகிரி சூடானதும் 36 ஆகிவிடும். அதனால் எந்த அழுத்தத்தில் திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த அழுத்தத்தில் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டால், ஓடிவந்தபின் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்து தரையைத் தொட்டிருக்கிறது.

உடம்பும் அப்படியே. தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், மூடிய கார், ஏசி இல்லை. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு கை செய்வதை மனம் கொஞ்சம் தாமதமாகத்தான் அறிகிறது. அதற்கு முன்பே பிட்டுக்குத் திரும்பிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

*

இப்போது மிச்சமிருப்பது எண்ணெய். நீண்ட வளைவில், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். உறிஞ்சும் குழாயின் வாயில் காற்று. ஓரிரு விநாடிதான், ஆனால் அந்த நேரத்தில் கிராங்க் பேரிங்குகளுக்கு இடையில் இருக்க வேண்டிய படலம் இல்லாமல் போகிறது. விடெக் பின்னைத் தள்ள வேண்டிய அழுத்தமும் சேர்ந்து போகிறது. அதிகமாக ஊற்றி வைத்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரையும் காற்றுதான்.

சம்ப்பைக் கழற்றிக் கணபதிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். உறிஞ்சும் வாயைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு, கீழ்விளிம்பில் சின்னக் கீல்கதவுகள். எண்ணெய் உள்ளே வரும்போது திறக்கும், வெளியே ஓடப்பார்த்தால் மூடிக்கொள்ளும். கதவுகள் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று அட்டையில் வெட்டிக் காட்டிவிட்டு வந்தேன். கேஸ்கெட் வாங்க வேண்டும். ஆயில் கூலருக்கு ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஏசி கண்டென்சர் இருந்த இடத்தின் ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் காற்று வரும் வழி இருக்கிறது.