கத்ரும் மரபணுவும்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவன அல்ல. ஆயினும் ஒரு சிறு பகுதி பிறப்பிலேயே அமைந்த மரபணு மாற்றத்தால் தோன்றுவதால், கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களுக்கு, கத்ர் எனும் இறைவிதியை நம்புவோர் அம்மாற்றத்தைத் தேடி அறிவது தகுமா என்பது ஈமானைத் தொடும் கேள்வியாகிறது.

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தோன்றுகிறது. கையடக்கத் தொலைபேசியின் ஒளியில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவந்தும் மற்றது வெள்ளையாகவும் தெரிவது அதன் முதல் அறிகுறியாகலாம். உயிரணுவில் இரு மரபணு மாற்றங்கள் நேர்ந்தால்தான் கட்டி உருவாகும் என்றும், ஒன்றுடனேயே பிறக்கும் குழந்தைக்கு மற்றொன்று நேர்வதே போதும் என்றும் மரபியலாளர் ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் விளக்கினார்; அவை ஆர்பி1 மரபணுவின் இரு பிரதிகளையும் பழுதாக்குபவை என்பது பின்னரே தெரியவந்தது. அத்தகைய பழுதைத் தம் உயிரணுக்களெங்கும் உடையவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சென்றடைய ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததே காரணம் எனப் பழிப்பது இந்நோயைப் பொறுத்தவரை தவறு; பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் பழுதான ஒரு பிரதியே போதுமானது, பல குழந்தைகளிலோ பெற்றோர் எவரிடமும் இல்லாத மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. ஒருவரின் பாவச்சுமை மற்றவர்மீது ஏற்றப்படாது என்பது குர்ஆன் மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் கொள்கையாதலால், நோயுற்ற பிள்ளையின் உம்மாவைக் குற்றவாளியாக்குவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை.

மாற்றத்தைத் தேடி அறிவது தகுமா என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு: ஷாம் (சிரியா) தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து கலீஃபா உமர் வழியிலேயே திரும்ப முடிவெடுத்தபோது, இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா எனப் படைத்தளபதி அபூ உபைதா வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக அவர் விடையளித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்கின்றன. அபாயத்தை அறிவதும் அதற்கேற்ப நடப்பதும் கத்ருக்குப் புறம்பானவை அல்ல என்பதே இதன் பொருள். ஆகவே மரபணுப் பரிசோதனை தவக்குலுக்கு, அதாவது இறைவன்மீது பொறுப்புச் சாட்டுதலுக்கு, முரணாகாது.

கடினமான கேள்வி பதின்ம வயதில் எழுகிறது. இம்மாற்றத்துடன் பிறந்து கண் நோயிலிருந்து மீண்டவருக்குப் பின்னாளில் எலும்புப் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதலாக இருப்பினும், கலியாணப் பேச்சு கெடுமென்ற அச்சம் பெற்றோரை அதை மறைக்கத் தூண்டுகிறது. பருவமடைந்தவரை ஷரீஅத் முகல்லஃப், அதாவது தம் செயலுக்குத் தாமே பொறுப்பானவர், எனக் கொள்ளும்போது, அவரது உடலைப் பற்றிய உண்மையை அவரிடமிருந்தே மறைப்பது நியாயமாகாது.

ஆகவே ஆலிம்கள் இதனை ஜும்ஆ மிம்பரில் எடுத்துரைக்க வேண்டும். இந்நோயிலிருந்து மீண்ட வாப்பாவோ உம்மாவோ, பிள்ளை பிறக்குமுன்பே மருத்துவரிடம் தெரிவித்து, பிறந்த முதல் வாரங்களிலேயே அதன் கண்களைச் சோதிக்கச் செய்ய வேண்டும்.