ஆடுகளமும் மனச்சான்றும்

விளாங்குடி வழியே திண்டுக்கல் நோக்கிச் செல்லும் சாலையில் போய், வத்தலக்குண்டில் மலையேறுவோர் கொடைக்கானலை அடைகின்றனர். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை அந்த மலையூர் நம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே தூண் பாறைக்குச் செல்லும் வழியில், வேலிக்கு அப்பால் ஏறியும் இறங்கியும் கிடக்கும் பெரும் பசும்புல்வெளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது 1895-இல் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தின் ஆடுகளம். வேலியருகே சற்று நின்று, "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். அந்த அழகு எதனால் ஆனது? அழகாயிருக்கும் அது நன்மையானதாகவும் இருக்கிறதா? இவ்விரு வினாக்களும் சிந்திக்கத் தக்கவை.

கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்தில் எதிராளி நம் பந்தைத் தடுப்பதில்லை. சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்க வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். மேடும் பள்ளமும், ஓடையும் மணற்குழியும், காற்றும்தான் எதிராளிகள். ஆகவே நிலத்தை எவ்வாறு அமைப்பது என்பதே இவ்வாட்டத்தின் உயிர்.

இவ்வகை ஆடுகளங்களுக்கெல்லாம் தாய் எனப் போற்றப்படுவது, ஸ்காட்லாந்தில் புனித அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய களம். ஓர் ஆட்டத்திற்குப் பதினெட்டுக் குழிகள் என்ற வழக்கம் 1764-இல் அங்கே ஏற்பட்டதே. அதைத் தனியொருவர் வரைந்து உருவாக்கவில்லை. கடற்காற்றும் மணலும், மேய்ந்த ஆடுகளும், நடந்த கால்களும் நூற்றாண்டுகளாகச் செதுக்கிய நிலம் அது. அங்கே வழி மிக அகலமானது. இடப்புறமாக அடித்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அங்கிருந்து குழியை நெருங்குவது கடினம். குழிக்கு நேரான நல்ல வழியோ மணற்குழிகளை ஒட்டிச் செல்கிறது. பதினான்காம் ஆட்டத்தில் வரும் மாபெரும் மணற்குழிக்கு 'நரகம்' என்றே பெயர்! எவ்வழியில் செல்வது என்பது ஆடுபவரின் விருப்பம். களம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேர்ந்தெடுத்ததன் விளைவை மட்டும் ஏற்கச் செய்கிறது.

இந்தப் பாடத்தை ஆழ்ந்து கற்றவர் அலிஸ்டர் மெக்கன்சி. மருத்துவரான இவர், தென்னாப்பிரிக்கப் போரில் பணியாற்றியபோது, போயர் வீரர்கள் இயற்கையோடு இயற்கையாகத் தம்மை மறைத்துக்கொள்ளும் திறனைக் கண்டு வியந்தார். மனிதன் அமைத்தது இயற்கையே அமைத்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது பின்னாளில் அவருடைய கொள்கையாயிற்று. 1920-இல் வெளிவந்த தம் நூலில் மற்றொரு விதியையும் வலியுறுத்தினார். வல்லவனைச் சோதிக்கும் களம், வலிமை குறைந்தவனுக்கும் ஒரு மாற்று வழி வைத்திருக்க வேண்டும். அவன் ஓர் அடி கூடுதலாக இழக்கலாம். ஆனால் வழியே இல்லாமல் நின்றுவிடக் கூடாது.

இது ஆடுகளத்திற்கு மட்டும் உரிய விதியா? ஒவ்வொரு தவற்றுக்கும் உடனடித் தண்டனை வைக்கும் களங்களும் உண்டு. அத்தகைய வீடுகளும் பள்ளிகளும் உண்டு. அவற்றில் அச்சம் வளர்கிறது. பகுத்தறிந்து தேரும் ஆற்றல் வளர்வதில்லை. தடைகளே இல்லாத வெட்டவெளியிலும் அது வளர்வதில்லை. வல்லவருக்குச் சவாலும் வலுவற்றவருக்கு வழியும் ஒரே நிலத்தில் அமையுமாறு செய்வதே கடினமான கலை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது பொருந்தும்.

இக்களம் உருவாக்கும் மனிதருக்குச் சான்றாக அமெரிக்கரான பாபி ஜோன்ஸைக் குறிப்பிடலாம். 1921-இல் செயிண்ட் ஆண்ட்ரூஸில் முதன்முறை போட்டியிட்ட இளைஞர், பதினோராம் ஆட்டத்தில் மணற்குழியில் சிக்கி, சினங்கொண்டு போட்டியை விட்டே விலகினார். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் அவர் அடிக்க ஆயத்தமானபோது, புல்லில் கிடந்த பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் அதைக் காணவில்லை. முடிவை அதிகாரிகள் அவரிடமே விட்டனர். அவரோ தமக்குத் தாமே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். இறுதியில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலை அடைந்து, மீண்டும் ஆடிய ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடியை மறைத்திருந்தால் பட்டம் அவருடையதே. தம்மைப் பாராட்டியவர்களிடம், திருடாததற்காக ஒருவரைப் பாராட்டுவதா என்னும் பொருள்படவே அவர் மறுமொழி கூறினார். ஒவ்வோர் அடியையும் கண்காணிக்க நடுவர் இல்லாத ஆட்டம் இது. அங்கே நடுவராக அமர்வது மனச்சான்றே. 1927-இல் அதே செயிண்ட் ஆண்ட்ரூஸில் அவர் வாகை சூடினார். பின்னர் மெக்கன்சியுடன் இணைந்து அகஸ்டா களத்தை அமைத்தார். முதுகுத்தண்டு நோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர், 1971 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

இத்தனையும் கேட்டபின் நம்முள் ஒரு மறுப்பு எழுவது இயல்பே. நேர்மையும் எழிலும் இருக்கட்டும். இத்துணைப் பெரிய நிலம் சிலருடைய பொழுதுபோக்கிற்கு மட்டும் வேலியிடப்படுவது முறையா?

இதற்கு விடையும் செயிண்ட் ஆண்ட்ரூஸிலேயே இருக்கிறது. 1552-இல் அந்நகரின் கத்தோலிக்கப் பேராயர் ஜான் ஹாமில்டன் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டார். கடலோர நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமை அவருக்கு. அந்நிலத்திலேயே கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் உரிமை நகரமக்களுக்கு என அது உறுதி செய்தது. இன்றும் அக்களம் பொதுமக்களுக்காக ஓர் அறக்கட்டளையால் நிர்வகிக்கப்படுகிறது. பெரும் போட்டிகள் நடக்கும் சில நாள்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டமில்லை. அன்று நிலம் ஓய்வு கொள்கிறது. நகரத்தார் பிள்ளைகளோடும் நாய்களோடும் அப்புல்லில் உலவுகின்றனர். உலகப் புகழ்பெற்ற களம் வாரத்தில் ஒரு நாள் பொதுப் பூங்காவாகிவிடுகிறது.

அழகுமிக்க இடங்கள் தனியார்மயமாவதால் மக்கள் அவற்றை அணுக இயலாமற் போவதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் சுட்டிக்காட்டியது. நம் மாநிலத்திலும் இவ்வினா எழுந்துள்ளது. சென்னை கிண்டிப் பந்தயத் திடலின் நடுவே ஒரு கோல்ஃப் களம் இருந்துவந்தது. சுமார் 160 ஏக்கர் கொண்ட அத்திடலின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது, வழக்கும் தொடர்ந்தது. கழகங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவை காத்திராவிட்டால் இத்தகைய நிலங்களில் பல, கட்டடங்களாய் மாறியிருக்கக் கூடும். கொடைக்கானல் களத்தில் காட்டெருமைகள் இன்னும் மேய வருகின்றன. விடுதிகள் நிறைந்த சரிவில் அவற்றிற்கு அப்புல் ஏது? எனினும், நிலத்தைக் காத்ததற்கு நன்றி சொல்வது ஒன்று. காத்தவர் மட்டுமே அதைத் துய்க்கலாம் என்பது வேறு.

ஆகவே ஒரு நல்ல களத்திற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு எனலாம். வலுவற்றவருக்கு அங்கே வழி உண்டா? காண்பவர் இல்லாத இடத்திலும் உண்மையை அது எதிர்பார்க்கிறதா? உரிமையில்லாதவர் ஒரு நாளேனும் அதன் புல்லில் கால் வைக்க முடியுமா? முதலிரண்டையும் களம் அமைப்போரும் ஆடுவோரும் நிறைவேற்றலாம். மூன்றாவது, நிலத்தை வைத்திருக்கும் எவருக்கும் உரிய கேள்வி. கோடையில் வறண்ட கண்மாயில் மட்டையோடு இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலியும் இல்லை, சந்தாவும் இல்லை. நம் பள்ளித் திடல்களும் ஆலய வளாகங்களும் விடுமுறை நாளில் அவர்களுக்குத் திறந்திருக்கின்றனவா? கொடைக்கானல் வேலியைக் குறைகூறுமுன், நம் கையிலுள்ள திறவுகோல்களை எண்ணிப் பார்ப்பது நன்று.