வரைபடத்துக்குள் வராதது

ஞாயிறு மாலை என் சைவ சித்தாந்த வகுப்பில் 36 தத்துவங்களையும் மைண்ட்மைஸ்டர் என்ற இணையக் கருவியில் மனவரைபடமாக வரைந்தோம். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என மூன்று கிளைகள். ஆளுக்கொரு வீட்டிலிருந்தபடி ஒரே படத்தை நிரப்பினோம். நிலம், நீர் என்று பச்சைக் கட்டங்களை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்த மாணவி கேட்டாள்: “ஐயா, உயிரை எந்தக் கிளையில் போடுவது?”

எந்தக் கிளையிலும் அதற்கு இடமில்லை. தத்துவங்கள் மாயையின் காரியம், சடம், தம்மைத் தாமே அறியா. மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்கள்கூட அந்த 24-க்குள் அடங்கும் கருவிகளே. உயிர் அந்தக்கரணங்களில் ஒன்றன்று என்றே சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தை மெய்கண்டார் தொடங்குகிறார்.

வரைபடம் பாடத்தை நெஞ்சில் நிறுத்தும், பார்ப்பவரைக் காட்டாது. ஆசிரியர்களே, படம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, இவ்வளவு நேரம் பார்த்தது யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.