குலுக்கையின் அடிவாய்

ஆனி பிறந்துவிட்டது. கூடலூர்ப் பக்கம் மலையை மறைத்துச் சாரல் இறங்குகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர் இருபோக வயலும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கிற நாட்கள். நாற்றுக்கு உயிர் கொடுக்கிற இந்த ஈரம் அடுப்படிக்குள்ளும் வருகிறது. காலையில் மொச்சை டப்பாவைத் திறந்தேன். அடியில் மாவு. பயறெல்லாம் உளுத்துப்போய், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு துளை.

*

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு எப்படி?

பயறு வண்டு காட்டிலேயே, காய் முற்றுகிற பருவத்திலேயே முட்டையை ஒட்டிவிடுகிறது. களம், மூட்டை, கடை எல்லாம் தாண்டி முட்டையோ புழுவோ நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. புழு பயற்றைக் குடைந்து உள்ளே போய், தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகிறது. நான் பார்த்த துளை அது வெளியேறிய வாசல். அரிசி வண்டு இன்னும் கமுக்கமானது. மூக்கால் அரிசியைத் துளைத்து, முட்டையிட்டு, துளையை அடைத்தும் விடுகிறது. மூடியை மாற்றி மாற்றி வாங்கிய எனக்கு இது தெரிய வெகுகாலம் ஆயிற்று.

*

அப்பத்தா துவரைக்குச் செம்மண் கட்டுவார். நனைத்த துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, ராத்திரி குவித்து வைத்து, மறுநாள் வெயிலில் உலர்த்துவார். மண் படிந்த தோலில் வண்டின் முட்டை ஒட்டுவது கடினம். உடைத்த பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவார். எண்ணெய்ப் பூச்சு முட்டையை மூச்சுத் திணற வைக்கும். வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் இதற்குப் பிறகுதான். இலையை மட்டும் போட்டுவிட்டு ஈரப்பயற்றை மூடிவைத்தால் பலனில்லை.

காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பார். ‘டக்’கென்று உடைய வேண்டும். உடனே அள்ளவும் விடமாட்டார்.

“சூட்டோட கொட்டாத தாயி, உள்ள வேர்த்துரும்.”

பயற்றில் ஈரம் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வண்டு பெருகுவது குறையும் என்று பின்னால் படித்தேன். அப்பத்தாவின் பல் அதைத்தான் அளந்துகொண்டிருந்தது.

*

குலுக்கையை இன்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆள் உயர மண் கூடு. மேலே கொட்டுகிற வாய், மூடிச் சாணி மெழுகியிருக்கும். கீழே கையளவு துளை, துணி அடைத்திருக்கும். துணியை உருவினால் தானியம் சொளகில் சரியும். மேலே புதுசு சேரும், கீழே பழசு வெளியேறும். எது முதலில் உள்ளே போனதோ அதுவே முதலில் உலைக்கும் போகும்.

என் டப்பாவுக்கு அடிவாய் இல்லை. மாதாமாதம் புதுப் பயற்றைப் பழையதன் மேல் கொட்டி, மேலிருந்தே அள்ளியிருக்கிறேன். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மொச்சை எத்தனை ஆனியைப் பார்த்ததோ! வண்டு தலைமுறை தலைமுறையாக அங்கேதான் குடியிருந்திருக்கிறது.

*

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தானியத்துக்குள் செருகுகிற பூச்சிப் பொறி ஒன்றைச் செய்திருக்கிறது. துளையிட்ட குழாய், அவ்வளவுதான். காற்றைத் தேடி ஊர்கிற வண்டு துளை வழியே நுழைந்து கீழே விழுந்துவிடும். மூட்டைக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு நல்ல துணை.

வண்டைக் கொல்லத் தானியத்தில் வைக்கிற நச்சுவாயு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அது விடுகிற பாஸ்பீன் தூங்குகிற பிள்ளையையும் கொல்லும்.

*

மொச்சையைக் கோழிக்குப் போட்டேன். டப்பாவைக் கழுவி, இடுக்கெல்லாம் துடைத்து, சாரல் விட்ட நேரத்தில் வெயிலில் கவிழ்த்தேன். நீங்களும் இந்த வாரம் புதுப் பயறு வாங்கி வந்தால், பழையதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, டப்பாவைக் காயவைத்த பிறகு கொட்டுங்கள்.