கொடுத்தவனின் நன்றிக்கடன்

அயல்நாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களைக் கேட்டால், எந்தப் பலனையும் எதிர்பார்த்துப் போகவில்லை என்பார்கள். அது பொய்யில்லை, மனமாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் பணம், புகழ், சான்றிதழ் எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்குள்கூட ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருக்கும். உதவி பெற்றவர் முகம் நம்மைப் பார்த்து மலர வேண்டும் என்ற ஆசை. அந்த முகம் மலராவிட்டால் மனம் சுருங்குகிறது. ‘இவ்வளவு தூரம் வந்து செய்கிறோமே’ என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. கணக்கு தொடங்கிய இடத்தில் தொண்டு முடிந்துவிடுகிறது.

நன்றியைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் பெற்றவனுக்கான பாடம். திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை இல்லறத்தானின் கடமைகளுள் ஒன்றாக, 11-ஆம் அதிகாரத்தில் வைத்தார். உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். கொடுக்கப் போனவனுக்கும் ஒரு நன்றிக்கடன் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்குள் எழுந்த இடம் நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டம்.

2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு, கோர்க்கா மாவட்டத்தின் பர்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் நடுங்கியது. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடியும் ஆடியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சிந்துபால்சோக்கில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுமார் ஐந்து லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. முதல் நடுக்கம் வந்தது சனிக்கிழமை. அது நேபாளத்தில் வார விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்து விழுந்தபோது அவற்றுக்குள் பிள்ளைகள் இல்லை. அந்த ஒன்றை நினைத்துத்தான் அந்த நாட்டுத் தாய்மார்கள் இன்றும் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள்.

அந்த மலைகளில் பெரும்பாலான வீடுகள் கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டியவை. குலுங்கியதும் சுவர்கள் சரிந்து கூரையோடு உட்கார்ந்துவிட்டன. வெளியாட்கள் வந்து சேரும் முன்பே, அக்கம்பக்கத்தார் வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி முடிந்தவரை மனிதர்களை மீட்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் போனது அதற்குப் பிறகு. இடிபாட்டை அகற்றுவது, நல்ல கல்லையும் மரத்தையும் பிரித்து அடுக்குவது, மழைக்காலத்துக்குள் தகரக் கொட்டகை போடக் கைகொடுப்பது ஆகியவைதான் எங்கள் வேலை.

அங்கே தமாங் இனத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வீடு என்பது அப்போது நான்கு கம்பு, இரண்டு தகரம், ஒரு தார்ப்பாய். அவர் மகன் மலேசியாவில் கூலி வேலையில் இருந்தார். மத்தியான நேரத்தில் அவர் ஒரு சாக்கை உதறி மண்ணில் விரித்து எங்களை உட்காரச் சொன்னார். செம்பில் தண்ணீர் மொண்டு எங்கள் கைகளில் ஊற்றினார். பிறகு தட்டில் திண்டோ வைத்தார். நம் கேழ்வரகுக் களிதான் அங்கே திண்டோ. பக்கத்தில் குந்த்ருக், அதாவது கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்துச் செய்த குழம்பு. அந்தக் கேழ்வரகு இடிந்த வீட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது. எத்தனை முறை புடைத்தாரோ, எத்தனை முறை கழுவினாரோ, அப்படியும் பல்லில் மண் கடிபட்டது. அந்த வீட்டில் மிஞ்சியிருந்த தானியம் அவ்வளவே என்பது மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த எங்களை, கூட இருந்த உள்ளூர் இளைஞர் கண்ணாலேயே தடுத்தார். சாப்பிட்டோம். நாங்கள் முடிக்கும்வரை அந்த அம்மா சாப்பிட உட்காரவில்லை. எங்களைப் பற்றியோ நாங்கள் செய்த வேலையைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மகனே, நீ இங்கே இருப்பது உன் அம்மாவுக்குத் தெரியுமா? தரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதே, அவள் பயப்படமாட்டாளா?”

கடல் கடந்த நாட்டில் மகனை விட்டிருக்கும் ஒரு தாய், தான் பார்த்தேயிராத இன்னொரு தாயின் பயத்தைத் தன் பயமாக எண்ணிக் கேட்ட கேள்வி அது. வீட்டை இழந்தவர் அவர்; கவலைப்பட வேண்டியவர்கள் நாங்கள் என்றுதான் நினைத்துப் போயிருந்தோம். அந்தக் கணத்தில் அவர் எனக்காகக் கவலைப்பட்டார். என் நெஞ்சில் அப்போது நிறைந்தது இரக்கம் அல்ல, நன்றி. உப்பிட்டவர் யார் என்பதில் எனக்கு அதன் பிறகு ஐயமே இருந்ததில்லை.

துன்பத்தில் இருப்பவர் நம்மை உள்ளே விடுகிறாரே, அதுவே ஒரு கொடை. தன் வாழ்வு சிதறிக் கிடக்கும் கோலத்தை அயலாருக்குக் காட்ட யாரும் விரும்புவதில்லை. கட்டிலும் துணிமணியும் சாமி படமும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது, மொழி தெரியாத ஒருவன் வந்து அவற்றைக் கையில் எடுக்கிறான். அவனை நம்பி எடுக்கவிடுவதற்குப் பெரிய மனம் வேண்டும். கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது கடினம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கொடுக்கிறவனின் தலை நிமிர்ந்தே இருக்கிறது. வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்க வேண்டுமானால், அவரிடமிருந்தும் நாம் எதையாவது வாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் களியை அன்று மறுத்திருந்தால், அவரை வெறும் பயனாளியாக்கிவிட்டு வந்திருப்போம்.

நேபாள மலைக்கிராமங்களில் ‘பர்ம’ என்று ஒரு வழக்கம் உண்டு. இன்று என் வயலில் நீ நாற்று நட்டால், நாளை உன் வயலில் நான் வந்து நடுவேன். கூலி கிடையாது. நம் ஊர்களிலும் ஆள் மாற்றி வேலை செய்யும் இந்தப் பழக்கம் முன்பு இருந்தது. இப்படி வாழ்ந்து பழகியவர்கள் உதவிக்கு வாயால் நன்றி சொல்வதில்லை. வேலையால் திருப்பித் தருகிறார்கள், வேலையில்லாதபோது சோற்றால் தருகிறார்கள். முகமலர்ச்சியை எதிர்பார்த்துப் போகும் தொண்டருக்கு இது அலட்சியமாகத் தெரியலாம். உண்மையில் நம்மைச் சமமானவனாக வரிசையில் சேர்த்துக்கொண்டதன் அடையாளம் அது.

கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். கல்லும் மண்ணும் கொண்ட சுவர் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு அடுக்கு. நடுவில் பொடிக்கல் நிரப்பியிருப்பார்கள். இரண்டு அடுக்கையும் ஊடுருவிப் பிணைக்கும் நீளக்கல்லை இடையிடையே வைக்காவிட்டால், நிலம் ஆடும்போது வெளியடுக்கு தனியே உரிந்து விழும். இதை ஒரு கொத்தனார் இடிந்து கிடந்த சுவரிலேயே விரலை வைத்துக் காட்டினார். பிறகு, குவியலில் இருந்த நீளக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தனியே அடுக்கச் சொன்னார். அரசு பின்னர் மூன்று தவணைகளில் 3 லட்சம் நேபாள ரூபாய் வீட்டு மானியம் தந்தது. கட்டடம் நிலநடுக்கம் தாங்கும்படி இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. அந்த வீடுகளை எழுப்பியவர்கள் இந்தக் கொத்தனார்களும் அந்த வீட்டுப் பெண்களுமே. வந்து போனவர்களின் பங்கு சிறியது. அதைச் சிறியது என்று உணர்ந்தவர்களுக்கே அங்கே கண்ணில் படுவதற்கு நிறைய இருந்தது.

இந்த உணர்வு இல்லாத தொண்டு எவ்வளவு தீமை செய்யும் என்பதற்கும் அதே நாடு சாட்சி. நேபாளத்தின் ஆதரவற்றோர் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். படிக்கவைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து கூட்டிவரும் தரகர்கள் உண்டு. காரணம், குழந்தைகளோடு சில வாரம் இருந்துவிட்டுப் போக வெளிநாட்டினர் பணம் கட்டி வருகிறார்கள். வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தை அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அதனால் அந்தக் குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களுக்கு வேண்டிய நன்றியை விலைகொடுத்து வாங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நன்றியைத் தேடிப் போகும் தொண்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஆகவே, வெளிநாட்டுக்கோ பக்கத்து மாவட்டத்துக்கோ தொண்டுக்குப் புறப்படும் இளைஞர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுக்குச் செய்யப் பிடித்ததைச் செய்யாதீர்கள். அந்த ஊர்க்காரர் கேட்டதைச் செய்யுங்கள். உள்ளூரில் கூலிக்குச் செய்ய ஆள் இருக்கும் வேலையை இலவசமாகச் செய்து அவர் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். அழும் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். தருவதை உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களுக்குப் பாரமாகிவிடாதபடி அரிசியோ பருப்போ சத்தமில்லாமல் அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள். எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத ஒருவர் உங்களுக்கு ஏதாவது தருவார். அது ஒரு வாய் உணவாகவோ, ஒரு கேள்வியாகவோ, தொழிலின் நுணுக்கமாகவோ இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டேன் என்று மனதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிவைத்தால் மட்டும் கடன் தீராது. அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த நாட்டு மக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இந்தியாவும் நேபாளமும் 1950-இல் செய்த உடன்படிக்கையால் விசா இல்லாமல் இங்கே வந்து உழைக்கிறார்கள். நம் தெருவில் இரவெல்லாம் விசில் ஊதிக் காவல் சுற்றிவிட்டு, மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்பவரை ‘கூர்க்கா’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியிருக்கிறோம். உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவரை, அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை அந்த அளவுக்குக்கூட அறிந்திருக்கமாட்டோம். அடுத்த முறை அவர் வாசலுக்கு வரும்போது பெயரைக் கேளுங்கள். ஊரில் வீடு எப்படி இருக்கிறது, அம்மா நலமா என்று கேளுங்கள். சேர வேண்டிய பணத்தை நாளைக்கு வா என்று இழுத்தடிக்காமல் அன்றே கொடுங்கள். நன்றி என்பது நாம் பெற்ற இடத்திலேயே திருப்பித் தர வேண்டியது அல்ல. நம் கைக்கு எட்டும் இடத்தில் தர வேண்டியது.