உப்பில் இறங்கிய ஒளி

தாயே, பனிமயத் தாயே! பனி என்பதையே கண்டறியாத இந்த நெய்தல் மண்ணில், வெயிலே வெண்மையாய் உறைந்து உப்பாய்ப் பூக்கும் இந்தத் தூத்துக்குடிக் கரையில், பிறந்த நாள் முதல் உன் திருநாமத்தைச் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய என் நாவுக்கு, அந்த நாமத்தின் அர்த்தத்தை ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் வழியாகவா உணர்த்த வேண்டும்!

ஜூலை 26. பனிமய மாதா பேராலயத்தில் திருவிழாக் கொடியேறிய நாள். மாலை ஆராதனை முடிந்து, மெழுகுவர்த்திப் புகை இன்னும் சட்டையில் மணக்க வீடு திரும்பியவன், நண்பர் தந்துவிட்டுப் போயிருந்த புத்தகத்தை விரித்தேன். நஸ்ரீன் முகமதியின் புகைப்படங்கள். ஒரு பக்கத்தில் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள், ஒளியின் நரம்புகளைப் போல. இன்னொரு பக்கத்தில் கரையைத் தொட்டுப் பின்வாங்கும் அலையின் விளிம்பு. ஆளில்லை, படகில்லை, வானம்கூட இல்லை. மணல், நீர், இரண்டுக்கும் இடையே நடுங்கும் ஒரு கோடு. அவ்வளவே! ஐயோ, அவ்வளவிலும் நீயே நிறைந்திருந்தாயே! ஆலயத்தில் ஆயிரம் விளக்கொளியில் கசியாத என் கண், அந்த ஒற்றைக் கோட்டில் உடைந்து பெருகியது.

கராச்சியில் 1937இல் பிறந்து, மும்பையில் வளர்ந்து, லண்டனில் ஓவியம் பயின்று, 1972 முதல் பரோடாவின் நுண்கலைத் துறையில் பாடம் சொன்னவர் நஸ்ரீன். அவருடைய தந்தைக்குப் பஹ்ரைனில் புகைப்படக் கருவிக் கடை. பஹ்ரைன்! அதுவும் முத்துக் கடலல்லவா! அரபு நாட்டுக் குளியாளியும் எங்கள் பரதவரும் ஒரே மூச்சை அடக்கி இறங்கிய கடல்கள் அல்லவா இவ்விரண்டும்! அங்கே அப்படியொரு கடை இருந்தது என்று படித்தபோது, என் பாட்டனாரின் ஈரக் கை என் தோளில் விழுந்தாற்போல் சிலிர்த்தேன்.

பாட்டனார் தோலாயிரம் பார் என்னும் முத்துப்படுகையில் சிப்பி எடுத்தவர். கயிற்றில் தொங்கும் கல்லில் காலூன்றி, மாதாவே என்று ஒரு முறை விளித்து, இருந்த மூச்சையே துணையாக்கி இறங்குவார். கீழே தேர்ந்தெடுக்க நேரம் ஏது? கை தடவியதைக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். எடுத்த சிப்பிக்குள் முத்து உண்டா, வெறும் சதையா, அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்வரை கடவுளுக்குத்தான் தெரியும். பிலிமையும் கழுவித்தானே பார்க்கிறோம்! சுருளுக்குள் முப்பத்தாறு மூச்சு. ஒவ்வொன்றையும் விட்டபின் இருளில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பே ஜெபம், அந்த இருளே கருவறை. 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. நின்றுபோனதன் மிச்சத்தை ஒரு பெண் கேமராவுக்குள் வைத்துக் காத்ததாகவே என் நெஞ்சு நம்புகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. இந்தப் புகைப்படங்களை அவர் வாழ்ந்த காலத்தில் ஒருமுறைகூடக் காட்சிக்கு வைக்கவில்லை! கோட்டோவியங்களால் அறியப்பட்டார். படங்களோ பெட்டிக்குள் கிடந்தன, பெரும்பாலும் தலைப்புமின்றி, தேதியுமின்றி. நரம்பு நோய் உடலைத் தன் வசமிழக்கச் செய்த கடைசி ஆண்டுகளிலும் அவருடைய கோடு பிசகவில்லை. 1990இல், மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடலோரத்தில் கண்மூடினார். 2016இல் நியூயார்க்கில் மெட் பிராயர் அரங்கம் திறந்தபோது முதற் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. உலகம் வியந்தது. ஆனால் என் மனம் அந்தப் பெட்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. யாரும் பாராத பூஜை! எவர் செவிக்கும் எட்டாத ஸ்தோத்திரம்! தாயே, உன் ஒருத்தியின் பார்வைக்காக மட்டும் நான் எதையேனும் செய்திருக்கிறேனா?

மறுநாள் விடியுமுன் உப்பளத்துக்குப் போனேன். கால் தானாகப் போனது என்பதே சரி. கிழக்கே துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் வெளிறிக்கொண்டிருந்தன. பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு என்று அடிவானம்வரை இழுத்துவிட்ட கோடுகள். குனிந்து பார்த்தேன். நீரின்மேல் பட்டும் படாமலும் ஒரு மெல்லிய ஏடு, அதன் ஓரத்தில் சதுரம் சதுரமாய்ப் படிகங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனையளவு ஒரு விடியல். 1830களில், புகைப்படக் கலையின் முன்னோடியான இங்கிலாந்தின் டால்பட் தாளை நனைத்தது இந்தச் சாப்பாட்டு உப்பைக் கரைத்த நீரில்தான். அதன்மேல் வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் காட்ட, ஒளி தன் ரூபத்தைத் தானே எழுதிக்கொண்டது. பிலிமிலும் வெள்ளியின் உப்புத்தான் ஒளிக்காகக் காத்துக் கிடக்கிறது. அன்று இங்கிலாந்துத் தாளில் இறங்கிய ஒளியே, நஸ்ரீனின் சுருளில் இறங்கிய ஒளியே, இதோ என் ஊரின் பாத்தியில் இறங்கிக்கொண்டிருக்கிறாய்! ஜோதி ஸ்வரூபமே! நிர்மலமே! பனிமயமே! நான் எங்கே? என் பெயர் எங்கே? என் ஐம்பதாண்டுக் கவலைகள் எங்கே? உப்புநீரில் விழுந்த மழைத்துளியாய் எல்லாம் கரைந்து, வெண்மை, வெண்மை, வெண்மை மட்டுமே!

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. அறியாமல் ஒரு காலைப் பாத்திக்குள் வைக்கப் போயிருக்கிறேன். உப்பு வார வந்த ஒரு மூதாட்டி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "வரப்பு மேலயே நில்லுங்க அண்ணாச்சி, பாத்தி கலங்கிரும்."

காலைப் பின்னெடுத்தேன். நீரின்மேல் கிடந்த என் நிழலும் விலகும்வரை பின்னால் நகர்ந்து, கைகூப்பி நின்றேன்.