திறைசேரி தரும் இருநூறு ரூபா

2025 நவம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் முன்வைத்த 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றி இரண்டு அறிவிப்புகள் இருந்தன. கம்பனிகள் கொடுக்கும் 1,350 ரூபா 1,550 ஆக உயரும் என்பது ஒன்று. வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் தன் பங்காக 200 ரூபா வரவு ஊக்குவிப்புக் கொடுக்கும் என்பது மற்றது. இதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. சம்பளம் உயர வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் இரண்டாவது அறிவிப்பு ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது. தனியார் கம்பனிக்கு உழைப்பவரின் கூலியில் ஒரு பங்கை மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது நீதியா? கல்விக்கும் நலன்புரிக்கும் விவசாயத்துக்கும் பணம் போதாத நாட்டில், அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதானா?

நீதிதான் என்பவர்களின் வாதம் வலுவானது. சுதந்திரத்தின் போது இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தாங்கி நின்றவை தேயிலையும் இறப்பரும் தெங்கும். இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மானிய அரிசி எல்லாவற்றுக்கும் அந்த வருமானத்தின் மீதான வரி பயன்பட்டது. ஆனால் 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடனே கிடைக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை உறுதியாக 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. சப்ரகமுவ மாகாணத்தில் இதற்கு மேலும் ஒரு துயரம் உண்டு. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் தொழிலாளரின் லயக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. உயிருக்கு அஞ்சிய பல குடும்பங்கள் வடக்கே போயின. இத்தனைக்கும் பொறுப்புக் கூற வேண்டிய அரசு 200 ரூபா கொடுப்பதைத் தானம் என்று சொல்ல முடியாது. பழைய கடனில் ஒரு சிறு தவணை என்றே சொல்ல வேண்டும்.

தேவையும் கண்முன் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 14.3 சதவீதமானோர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். தோட்டத் துறையில் அது 33.8 சதவீதம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கணக்கிட்டது. நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். 25 நாள் வேலை செய்த வீட்டுக்கு இந்தக் கொடுப்பனவால் மாதம் 5,000 ரூபா கூடுதலாக வரும். அடுப்புக்கு முன் நிற்கும் தாய்க்கு அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்பது முதற் கவலையாக இருக்காது.

ஆனாலும் வரவு செலவுத் திட்டத்தை எழுதுபவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டே ஆக வேண்டும். கூலி என்பது உழைப்பை வாங்கியவர் கொடுக்க வேண்டிய விலை. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது நிலமும் தேயிலையும் இறப்பரும் போனதுடன், உழைப்பவரைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்தே போனது. அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைத் திறைசேரி ஏற்றுக்கொண்டால், அடுத்த சம்பளப் பேச்சில் கம்பனிகள் தங்கள் பங்கைக் குறைத்துக் கேட்க வழி பிறக்கும். இங்கிலாந்தில் 1795இல் ஸ்பீனம்லாண்ட் என்ற ஊரில் கூடிய நீதவான்கள், பாண் விலை ஏறியபோது கூலி போதாத குடும்பங்களுக்கு ஊர் வரியிலிருந்து குறையை நிரப்ப முடிவு செய்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பண்ணை உடைமையாளர் கூலியைத் தாழ்வாகவே வைத்திருக்க அது இடங்கொடுத்தது என்ற குற்றச்சாட்டு விரைவில் எழுந்தது. அது எவ்வளவு உண்மை என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒன்றுபடவில்லை. அதற்குப் பின் நடந்ததில் ஐயமில்லை: 1834இல் வந்த சட்டம் உதவியைக் கடுமையாக வெட்டி, ஏழைகளை வேலை இல்லங்களுக்குள் தள்ளியது. ஆகவே அந்த வரலாறு இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது. முதலாளியின் கடனை அரசு ஏற்பது ஆபத்து. ஏற்றதைச் சட்டென்று கைவிடுவது அதைவிடக் கொடுமை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வரவுக்குக் கொடுக்கும் பணம் யாரை விட்டுவிடும்? தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் ஏறும். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. நாட்டிலேயே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று அது. கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர், கம்பனி பிரித்துக் கொடுத்த தேயிலைப் பகுதியைப் பராமரித்துக் கொழுந்தை விற்பவர், சிறுதோட்டங்களுக்கு அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஆகியோரின் உழைப்பு செக்ரோலுக்கு வெளியே நிற்கிறது. தாழ்நிலத் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்டங்களிலிருந்து வரும் இரத்தினபுரியில் இப்படிப்பட்டவர் சிலர் மட்டுமல்லர். நோயாளியும் முதியவரும் வேலை நாள் குறைக்கப்பட்டவரும் கூடத்தான் வெளியே. தேவை அதிகமுள்ளவரைத் தவறவிடும் உதவி, நல்ல மனத்தோடு கொடுத்தாலும் அரைகுறையானதே.

இதன் அருகே கல்வி ஒதுக்கீட்டை வைத்துப் பார்க்க வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் திறன் வகுப்பறைகள் அமைக்க 2025 வரவு செலவுத் திட்டம் ஒதுக்கியது 866 மில்லியன் ரூபா. வரவு ஊக்குவிப்புக்கோ அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதமாவது செலவிட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இஞ்சியோன் பிரகடனம். இலங்கை நெடுங்காலமாக அதன் பாதியளவில்தான் நிற்கிறது. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கத் தமிழ்மொழி மூல ஆசிரியர் கிடைக்காமல் தோட்டத்துப் பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் திரும்புவது சப்ரகமுவவில் பழகிப்போன கதை. இந்தக் குறையைத் தீர்க்க எந்தக் கம்பனிக்கும் பொறுப்பில்லை; அரசுக்கு மட்டுமே உண்டு.

விவசாயத்திலும் இதே கோணல் தெரிகிறது. நெற்செய்கையாளருக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உரமானியம் கொடுக்கிறார்கள். அது வேண்டியதே. ஆனால் மானியம் காணியைப் பின்தொடர்கிறது. ஐந்தாறு தலைமுறையாக மண்ணில் உழைத்தும் சொந்தக் காணி இல்லாதவர், அரசின் ஏட்டில் விவசாயி ஆவதே இல்லை. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுபவருக்கும், பகுதி எடுத்துத் தேயிலை வளர்ப்பவருக்கும் உறுதிப்பத்திரம் கிடைத்தால், சிறுதோட்ட உரிமையாளருக்குரிய உதவிகளைக் கேட்கும் தகுதியும் கிடைக்கும்.

அப்படியானால் 200 ரூபாவை நிறுத்திப் பாடசாலைக்குக் கொடுக்கலாமா? கூடாது. தாயின் கையிலிருந்து பறித்துப் பிள்ளையின் புத்தகத்துக்குக் கொடுப்பது நீதியாகாது. இருவரும் ஒரே வீட்டில் உண்கிறார்கள். உற்பத்திச் செலவு தாங்கவில்லை என்று கம்பனிகள் சொல்வதையும் செவிமடுக்க வேண்டும். ஆனால் தாங்க முடியாது என்பது கணக்கால் நிறுவப்பட வேண்டிய கூற்று. மக்கள் பணத்தால் கூலியில் பங்கு பெறும் நிறுவனம், தன் வரவு செலவை மக்கள் முன் விரித்துக் காட்டக் கடமைப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் கடன் வட்டியும் திறைசேரியின் கையைக் கட்டியிருக்கும் காலம் இது. கடைக்குப் போய் 18 சதவீத வற் வரி கட்டும் தோட்டத் தொழிலாளியும் அந்தத் திறைசேரியை நிரப்புகிறவர்தான்.

ஆகவே நியாயமான வழி, இந்தக் கொடுப்பனவுக்கு ஒரு முடிவுத் திகதி வைப்பது. அந்தத் திகதிக்குள் 200 ரூபாவைச் சம்பள நிர்ணய சபை வழியாகக் கம்பனிகளின் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். சேர்ந்த பின்பே அரசு விலகலாம். அப்போது மிச்சமாகும் 5,000 மில்லியன் பொதுச் செலவில் கரைந்துவிடாமல், அதே மக்களுக்கென்றே நிற்க வேண்டும்: விஞ்ஞான ஆசிரியருக்கு, தோட்டக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் சத்துணவுக்கு, காணி அளந்து உறுதி எழுதுவதற்கு. செக்ரோலில் பேர் இல்லாதவரும் அதில் பங்கு பெறுவார். கூலி கம்பனியின் கடன். கல்வியும் காணியும் அரசின் கடன். முதலாவதில் உதவிக்கு வந்ததைக் காட்டி இரண்டாவதிலிருந்து விடுபட எந்த அரசுக்கும் உரிமையில்லை.